முப்பத்தெட்டு நொடி

சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் ஷெர்லினின் பேனர் இருக்கிறது. வெயிலில் சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகிவிட்டது. இரண்டு கையுறைகளையும் முகத்துக்கு முன்னால் பிடித்திருக்கிறாள். இடையில் ஒரு கண் மட்டும் தெரியும். கீழே 'தேசியக் குத்துச்சண்டை சாம்பியன், எங்கள் மண்ணின் மகள்' என்று எழுதியிருக்கும். ஏ ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்தில் கிளம்பும் எங்கள் கம்பெனி பஸ் மூன்று மணிவாக்கில் அந்த இடத்தைத் தாண்டும். தாண்டியதும் பாபு அண்ணன் ஆரம்பிப்பார்.

“எத்தினி கப்பு வேணா வாங்கட்டும். குன்றத்தூர் கல்யாண மண்டபத்துல ஆடனா பாரு, அத்த மாதிரி இன்னொன்னு கெடையாது.”

பாபு அண்ணன் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். சேரப்பணஞ்சேரியில் பிறந்தவர். ஷெர்லின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர் வீடு. அவருக்குப் பதில் சொல்ல எப்போதும் தயாராக இருப்பவர் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் இசக்கியப்பன். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். இங்கே வந்து எட்டு வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

“நீரு நேர்ல பாத்த ஒரே ஆட்டம் அதுதாம்வே. அதான் அதையே சொல்லுதீரு. போபால் நேஷனல் ஃபைனல ஃபோன்ல போட்டுப் பாரும். மூணு ரவுண்டுலயும் மூஞ்சில ஒத்த அடி விழல. அதுல்லா ஆட்டம்.”

“அடி வாங்காம ஆடறதுக்கு வூட்லயே குந்திக்கினு இருக்கலாமே, யாரும் அடிக்க மாட்டாங்கோ.”

“ரெண்டும் இல்ல.” இது கேன்டீனில் பாத்திரம் கழுவும் கோவிந்தம்மா. “காய்ச்சலோட போயி ஆடினா பாரு, தோத்துட்டு ஜெயிச்ச பொண்ணையே கட்டிப் புடிச்சிக்கினு நின்னாளே. அதான்.”

“தோத்தது எப்டிக்கா பெஸ்ட்டு ஆவும்?” என்பார் பாபு அண்ணன்.

“காய்ச்சலோட ஒரு அண்டா கழுவிப் பாரு. அப்பால வந்து என்னாண்ட பேசு.”

கடைசியில் எல்லோரும் என் பக்கத்து இருக்கைக்குத் திரும்புவார்கள். அங்கே ஜன்னல் ஓரமாகச் செங்கமலம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். குன்றத்தூர் மண்டபத்தில் ஷெர்லினிடம் தோற்றது அவள்தான். அது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

“அடி வாங்குன ஆளு நீ. நீ சொல்லு செங்கமலம்.”

“போபால்” என்பாள், கண்ணைத் திறக்காமல்.

“பொறாம” என்பார் பாபு அண்ணன். பஸ் சிரிக்கும். அவளும் கொஞ்சம் சிரிப்பாள். பிறகு தூங்கிவிடுவாள். சோமங்கலத்தில் இறங்க வேண்டும். நான் ஒரு நாளும் எழுப்பியதில்லை. நிறுத்தம் வருவதற்குச் சரியாக ஒரு நிமிடம் முன்னால் அவளே கண் விழித்துப் பையை எடுத்துக்கொள்வாள்.

என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

நான் படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல். கார் சீட்டுக்கான இரும்புச் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் நேரம் அளக்கும் வேலை. ஒரு கையில் அட்டை, மறுகையில் ஸ்டாப்வாட்ச். வேலை செய்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு சட்டத்தை எடுத்ததிலிருந்து அடுத்ததை எடுக்கும்வரை எத்தனை நொடி என்று குறிக்க வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. நான் போய் நின்றால் சிலர் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார்கள். சிலர் அவசரப்பட்டுத் தப்பு செய்வார்கள். 'வாட்ச் வந்துச்சு' என்ற செய்தி எனக்கு முன்னால் லைன் முழுக்கப் போய்விடும். என் பெயர் ரஞ்சனி என்று தெரிந்தவர்கள் குறைவு.

போன மாதம் செங்கமலத்தின் பின்னால் நின்றேன். ஒரு சட்டத்துக்கு நான்கு போல்ட். துப்பாக்கி மாதிரி இருக்கும் மெஷினால் முடுக்க வேண்டும். இருபது முறை அளந்தேன். ஐம்பத்திரண்டு நொடி. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. அப்படியே கடைசிவரை. ஒரே ஒரு முறை ஐம்பத்து மூன்று. அப்போது ஒரு போல்ட் கீழே விழுந்திருந்தது.

“எப்படிக்கா?” என்றேன்.

“எண்ணிக்கினே செய்வேன்” என்றாள். திரும்பவில்லை.

எஞ்சினியர் எழிலரசன் என் தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். “இவ்ளோ ஸ்டெடியா இருந்தா நாலு செகண்ட் குறைக்கலாம்.” சிவப்புப் பேனாவால் நாற்பத்தெட்டு என்று எழுதினார். திங்கட்கிழமை லைனின் வேகம் கூடியது. யாரை அளந்த தாளால் என்று யாருக்கும் தெரியாது. எவருடைய வாட்ச்சால் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று பஸ்ஸில் செங்கமலம் வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திக்கொண்டே வந்தாள்.

“ஸாரிக்கா” என்றேன்.

“எதுக்கு?”

“நாப்பத்தெட்டுக்கு.”

“நீ இல்லன்னா வேற ஒருத்தன் வந்து நிப்பான்.”

பின்னால் போபாலா குன்றத்தூரா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. நான் பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டேன், எண்ணிக்கொண்டே செய்வதை எங்கே கற்றுக்கொண்டாள் என்று.

“கயிறு தாண்டும்போது பாக்ஸிங் மாஸ்டர் கடியாரத்த மறைச்சிடுவாரு. மூணு நிமிஷம் ஆனதும் நாங்களே நிறுத்தணும். மத்த பொண்ணுங்க ரெண்டரைல நிறுத்தும், மூணேகால்ல நிறுத்தும். நா கரெக்டா நிறுத்துவேன். மாஸ்டர் எனக்கு 'பெல்லு'ன்னே பேரு வெச்சிட்டாரு.”

“இப்போ ஏன்க்கா பிராக்டீஸுக்குப் போறதில்ல?”

மணிக்கட்டை அழுத்துவதை நிறுத்தினாள்.

“குன்றத்தூருல மொத ரெண்டு ரவுண்டும் என்னுது. மூணாவதுல கடசி முப்பது செகண்டுக்குன்னு மூச்ச சேத்து வெச்சிருந்தேன். எல்லாத்தையும் எறக்கிட்டேன். மூணு நிமிஷம் முடியற எடத்துல மூச்சும் முடியணும், அதான் கணக்கு. முடிஞ்சுது. கையக் கீழ வுட்டேன். மணி அடிக்கல.”

அவள் குரலில் எதுவும் இல்லை. கடையில் என்ன வாங்கினாள் என்று சொல்வது போலச் சொன்னாள்.

“அவ அடிச்சா. அடிச்சிக்கினே இருந்தா. ரெஃப்ரீ நடுவுல வந்து எட்டு எண்ணினாரு. அதுக்கு அப்பாலயும் மணி வர்ல. எங்கியோ எண்ணிக்கைய வுட்டுட்டேன். ஒடம்பு பொய் சொல்லுதுன்னு ஒருவாட்டி தெரிஞ்சிட்டா எப்டி உள்ள எறங்குவ? மாஸ்டர் இன்னும் மாசத்துக்கு ஒருவாட்டி ஃபோன் பண்றாரு. நா எடுக்கறதில்ல.”

சோமங்கலம் வந்தது. இறங்கிப் போய்விட்டாள்.

அந்த மணியை அடித்தது நான்.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மாவட்டப் போட்டிக்கு உதவியாக எங்களில் பன்னிரண்டு பேரை அனுப்பினார்கள். மேடையில் தண்ணீர் பாட்டில் வைப்பது என் வேலை. இறுதிப் போட்டிக்கு முன் நேரம் பார்ப்பவருக்கு வயிற்று வலி வந்து, தன் பையோடும் வாட்ச்சோடும் வீட்டுக்குப் போய்விட்டார். உடற்கல்வி ஆசிரியை சசிகலா மேடம் என்னைப் பார்த்தார்.

“நீ பிசிக்ஸ்தானே? ஸ்டாப்வாட்ச் ஓட்டத் தெரியும்ல?”

தலையை ஆட்டினேன். யார் எது கேட்டாலும் தலையை ஆட்டுகிறவள் நான்.

எங்கள் ஆய்வகத்து வாட்ச் ஒன்று மேடத்திடம் இருந்தது. ஊசல் பரிசோதனைக்கு வைத்திருப்பது. அதற்கு ஒரே ஒரு குமிழ். முதல் அழுத்தலில் ஓடும். இரண்டாவதில் நிற்கும். மூன்றாவதில் முள் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஊசலுக்கு அது போதும். ஊசலை நடுவில் நிறுத்தி யாரும் தலைக்கவசத்தின் பட்டையைக் கட்டுவதில்லை.

மூன்றாவது ரவுண்டில் முப்பத்தெட்டாவது நொடியில் ஷெர்லினின் தலைக்கவசப் பட்டை அவிழ்ந்தது. நடுவர் 'ஸ்டாப்' என்றார். அழுத்தினேன். பட்டையைக் கட்டிவிட்டு 'பாக்ஸ்' என்றார். அழுத்தினேன். முள் பூஜ்யத்துக்குத் தாவியது. மறுபடி அழுத்தினேன். முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது.

மேடம் ஃபோன் பேச வெளியே போயிருந்தார். நான் கழித்துப் பார்த்தேன். முள் இரண்டு நிமிடம் இருபத்திரண்டு நொடியில் வரும்போது மணி அடிக்க வேண்டும். இன்னொரு முறை கழித்துப் பார்த்தேன். அதேதான் வந்தது. கணக்கில் தவறு இல்லை.

முள் அங்கே வந்தபோது செங்கமலத்தின் கைகள் கீழே இறங்கின. பார்த்தேன். சுத்தியல் என் கையில் இருந்தது. இப்போது அடித்தால், வாட்ச்சில் மூன்று நிமிடம் ஆகவில்லையே என்று யாராவது கேட்பார்கள். அந்த மண்டபம் முழுவதற்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டும். மூன்றில் அடித்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வாட்ச்சைக் காட்டினால் போதும்.

மூன்றில் அடித்தேன்.

புள்ளி போட்ட ஐந்து பேரில் மூன்றுக்கு இரண்டு என்று ஷெர்லின் ஜெயித்தாள். சேரப்பணஞ்சேரியே எழுந்து நின்று கத்தியது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பஸ்ஸில் ஏறியதும் செங்கமலத்தை அடையாளம் தெரிந்தது. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. மணி அடிப்பவளை யார் பார்ப்பார்கள்? அவள் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். அவள் தோற்றதற்கு நான் காரணம் என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் விட்டுவிட்டதற்கும் நான்தான் காரணம் என்று அந்தத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

மறுநாள் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். செங்கமலம் வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை நான்கு வாக்கியமாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

“அக்கா, குன்றத்தூர்ல அன்னிக்கு மணி அடிச்சது நான். நடுவுல வாட்ச் ஜீரோவுக்குப் போயிடுச்சு. ரவுண்டு முப்பத்தெட்டு செகண்ட் அதிகமா ஓடிச்சு. உங்க எண்ணிக்கை சரி.”

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். பிடித்தபடியே இருந்தாள்.

“எத்தினி?”

“முப்பத்தெட்டு.”

“அப்பவே ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“வேலைக்கு சேந்து எத்தினி மாசம் ஆவுது?”

“பதினொன்னு.”

“பதினோரு மாசம் பக்கத்துல குந்திக்கினு வந்தியே.”

பையை எடுத்துக்கொண்டு டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டுக்குப் போய்விட்டாள்.

பஸ் நிறைந்தது. கிளம்பியது. பேனர் வந்தது.

“இன்னா செங்கமலம், சீட்டு மாறிட்ட? வாட்ச்சோட சண்டையா?” என்றார் பாபு அண்ணன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அவர் விடவில்லை. “நா ஏன் குன்றத்தூர் சொல்றேன் தெரியுமா? கடசியில நீ கையத் தொங்கப் போட்டுக்கினு நின்ன. அவ நிக்கல. அவளுக்கு தம்மு இருந்துது, ஒனக்கு இல்ல. ஒத்துக்கோ.”

“இல்லதான். வுடு.”

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியது என்று எனக்குப் புரிந்தது.

எழுந்தேன். படப்பை தாண்டி பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“பாபு அண்ணா.”

கேட்கவில்லை. கோவிந்தம்மாவுக்கு மட்டும் கேட்டது. “டேய் பாபு, கம்முனு இரு. வாட்ச் பொண்ணு இன்னாவோ சொல்லுது.”

எல்லோரும் திரும்பினார்கள். அதே நான்கு வாக்கியத்தைச் சொன்னேன். ஊசல், குமிழ், பட்டை எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருந்தது. ஐந்து வருடம் முன்னால் அந்த மண்டபத்தில் சொல்லியிருந்தால் இதைவிடச் சுருக்கமாக முடிந்திருக்கும். முடித்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

“அப்ப அந்த ஆட்டம் செல்லாது” என்றார் இசக்கியப்பன். “கணக்குலயே வராது. போபால்தான். நான்தான் அப்பமே சொன்னேம்லா.”

“இரு, இரு.” பாபு அண்ணன் நெற்றியைத் தேய்த்தார். “மூணு நிமிஷம் முப்பத்தெட்டு செகண்ட் ஒரு ரவுண்டு. எவளாவது ஆடிக்கீறாளா? இவ ஆடிக்கீறா. கடசி வரிக்கும் கை எறங்கல. யோவ், அப்போ இது இன்னும் பெருசுய்யா!”

“இன்னும் பெரிசா? வே, உமக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?”

“ரூல்ஸுக்கு மேல ஆடினவ சார் அவ!”

சண்டை மறுபடி பிடித்துக்கொண்டது. முன்பைவிடச் சத்தமாக இருந்தது. நான் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். ஐந்து வருடம் பயந்த விஷயம் மணிமங்கலம் வருவதற்குள் முடிந்துவிட்டது. உட்காரும்போது கால் வலித்தது.

கோவிந்தம்மா முன்னால் சாய்ந்து என் தோளைத் தொட்டார். “அந்தப் பொண்ணாண்ட மன்னாப்பு கேட்டியாடி?”

யோசித்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டுக்குக் கேட்டிருந்தேன். முப்பத்தெட்டுக்குக் கேட்கவில்லை.

சோமங்கலத்தில் செங்கமலம் இறங்கினாள். திரும்பவில்லை.

அடுத்த மூன்று நாளும் முன் சீட்டிலேயே உட்கார்ந்தாள். வேகம் கூட்டியபின் மறுபடி அளந்து வா என்று எழிலரசன் என்னை லைனுக்கு அனுப்பினார். அவள் பின்னால் நின்றேன். நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு. அவள் கழுத்தில் வேர்வை ஓடியது. மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். மெஷின் சத்தத்துக்கு நடுவே, “மன்னிச்சிடுங்கக்கா” என்றேன்.

“எண்ணிக்கை வுட்டுப் பூடும். அப்பால பேசு.”

தாளில் வலது கைக்கு ஓய்வு தேவை, ஐம்பத்திரண்டுதான் சரியான நேரம் என்று எழுதிக் கொடுத்தேன். எழிலரசன் படித்துவிட்டு, பார்க்கலாம் என்று இழுப்பறையில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. பஸ்ஸில் நான் கண்ணை மூடியிருந்தேன். யாரோ என்னைத் தாண்டிப் போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்கள். மெஷின் எண்ணெய் வாசமும் வலிக்குத் தடவும் தைல வாசமும் வந்தது. கண்ணைத் திறக்காமலே யாரென்று தெரிந்தது. முன் சீட்டில் அன்று வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்களோ என்னவோ. நான் எட்டிப் பார்க்கவில்லை.

பேனர் தாண்டியது.

“செங்கமலம், இப்போ கேஸே வேற” என்றார் பாபு அண்ணன். “அந்த முப்பத்தெட்டு செகண்டையும் சேத்துச் சொல்லு. எது பெஸ்ட்டு?”

“ஷெர்லினுக்கு போபால்தான்.”

“பொறாம.”

“எனக்குக் குன்றத்தூரு.”

“இன்னாது?”

“நா ஆடனதுல பெஸ்ட்டு குன்றத்தூரு. மூணு நிமிஷம் ஆடனேன், கரெக்டா முடிச்சேன். அதுக்கு மேல நடந்தது என் ஆட்டம் இல்ல.”

பாபு அண்ணன் மறுபடி நெற்றியைத் தேய்த்தார். அவர் பக்கத்தில் இசக்கியப்பன், “இதையும் கணக்குல எடுக்கணும்வே” என்று மெதுவாகச் சொன்னார். அன்று யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் களைப்பு. வாரக் கடைசி.

செங்கமலம் பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். எதையோ தேடி அழுத்தினாள். என் மடியில் வைத்தாள். திரையில் 'மாஸ்டர்' என்று இருந்தது. ரிங் போய்க்கொண்டிருந்தது.

“நீ சொல்லு” என்றாள். “எனக்குத் தூக்கம் வருது.”

ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் ஃபோனைக் காதில் வைத்தேன். நான்காவது ரிங்கில் எடுத்தார்கள். வயதான குரல். மூச்சு வாங்கியது. ஓடி வந்து எடுத்திருக்க வேண்டும்.

“பெல்லு? பெல்லு, நீதானாமா?”

“இல்லீங்க மாஸ்டர்” என்றேன். “குன்றத்தூர்ல மணி அடிச்ச பொண்ணு பேசறேன்.”

பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.